கட்டளை கேளாத விசைகள்

துறைமுக ஊரிற் பிறந்தவர்க்குச் சரக்கு வேறு, சமிக்ஞை வேறு என்பதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பருத்தித்துறைக் கரையில் 1916ஆம் ஆண்டில் எழுந்த வெளிச்சவீட்டை எண்ணிப் பாருங்கள். அதன் ஒளி கப்பலில் ஏற்றும் பண்டமன்று. எந்தக் கணக்கேட்டிலும் அதற்கு விலை எழுதுவாரில்லை. ஆயினும் அவ்வொளியைக் கண்ட மாலுமி சுக்கானைத் திருப்புகிறான். மூட்டையாக வந்து களஞ்சியம் சேர்வது ஒரு வகை. தான் எங்கும் சேராமல், பிறரைச் செயற்பட ஏவுவது மற்றொரு வகை.

கணினியின் விசைப்பலகையிலும் இவ்விரு வகையும் உள. நாம் அடிக்கும் எழுத்துக்கள் சரக்கு. அவை திரையில் வந்து அமர்ந்துவிடுகின்றன. ஆனால் ‘கொன்ரோல்’ என வழங்கும் கட்டுப்பாட்டு விசையை அழுத்தியவாறே ஓர் எழுத்தை அடித்தால், அது எழுத்தாக நில்லாது ஆணையாக மாறுகிறது. நிறுத்து, பொறு, தொடர், அழி என்றவாறு பல ஆணைகள். இவற்றுட் சில சில வேளைகளில் நிறைவேறாமற் போவதும், நாம் எண்ணாத வேறொன்று நிறைவேறிவிடுவதும் ஏன் என்பதை இவ்வாரம் ஆராயப் புகுகின்றோம்.

படங்களைச் சுட்டியால் தொட்டுக் கணினியை இயக்குவதே இன்று பெரும்பாலார் அறிந்த முறை. அதற்கு முன்பிருந்தே வழங்கி வருவது மற்றொரு முறை. வெறுந்திரையில் ஒரு வரியில் கட்டளையை எழுதி அனுப்புவதும், அடுத்த வரியில் கணினி விடை பகர்வதுமாக அது நடைபெறும். இதனைக் கட்டளை வரி என்றும், அத்திரையை முனையம் என்றும் கூறுவர். பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் கணினி நிரல் எழுதப் பயில்வோர் ஒருநாள் இம்முனையத்தின் முன் அமர்ந்தே தீர வேண்டும்.

பருத்தித்துறையில் உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவி ஒருத்தி, இராப்பொழுதில் தன் செயற்றிட்டத்துக்கான நிரலை எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று கொள்வோம். முனையத்துக்குள் இயங்கும் பழைய வகைத் தொகுப்பான் ஒன்றில் இரண்டு மணி நேரம் உழைத்துவிட்டாள். மற்றைய மென்பொருள்களிற் பழகிய வழக்கப்படி, எழுதியதைச் சேமிக்கும் எண்ணத்தோடு கொன்ரோல்-எஸ் அழுத்துகிறாள். அக்கணமே திரை உறைந்துவிடுகிறது. எந்த விசைக்கும் அசைவில்லை. தமையனை அழைக்கிறாள், அவன் விசைகள் பத்தையும் தட்டிப் பார்க்கிறான். “பழுதாய்ப் போச்சுது, நாளைக்குத் திருத்தக் குடுப்பம்” என்கிறார் தந்தை. ஈற்றில் மின்சாரத்தைத் துண்டிக்கிறார்கள். இரண்டு மணி நேர உழைப்பும் அழிந்துபோகிறது.

உண்மையில் அக்கணினிக்கு எந்தப் பழுதும் இல்லை. கொன்ரோல்-எஸ் என்பதற்கு முனையம் கொண்டுள்ள பொருள் ‘பொறு’ என்பதே. பொறு என்றாள், அது பொறுத்திருந்தது. கொன்ரோல்-கியூ என்று ஒருமுறை அழுத்தியிருந்தால், திரை மீண்டும் உயிர்பெற்றிருக்கும். அவள் இழந்ததும், தந்தை செலவிட எண்ணியதும் ஒரு சிறு செய்தியை அறியாமையால் நேர்ந்தவை.

ஆணைகள் பிறந்த வரலாறு

சேமிக்கும் விசை ‘பொறு’ என்று பொருள்படுவானேன்? இதற்கு விடை காணத் தந்திக் காலத்துக்குச் செல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சு நாட்டின் எமில் போடோ, எழுத்தொன்றுக்கு ஐந்து குறிகள் வீதம் அமைந்த தந்திக் குறியீட்டை வகுத்தார். பின்னர் டொனால்ட் மரே என்பவர் அதனைத் திருத்தியமைத்தபோது, ‘வரியின் தொடக்கத்துக்குத் திரும்பு’, ‘அடுத்த வரிக்கு இறங்கு’ என்னும் ஏவல்களுக்கும் குறிகள் வகுத்தார். எழுத்து வரும் அதே கம்பியில் ஆணையும் வரலாயிற்று.

1963ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ‘ஆஸ்கி’ என்னும் பொதுக் குறியீட்டு அட்டவணை வெளிவந்தது. அதில் 0 முதல் 127 வரை 128 இடங்கள். அவற்றுள் முதல் 32 இடங்கள் எழுத்துக்களுக்கன்றி ஆணைகளுக்கே ஒதுக்கப்பட்டன. அதே ஆண்டில் அறிமுகமான ‘ரெலிரைப் 33’ என்னும் தொலை அச்சுப் பொறி இவ்வட்டவணையைப் பயன்படுத்தியது. அது திரையற்ற பொறி. கணினியின் விடையைக் காகிதச் சுருளில், வினாடிக்குப் பத்து எழுத்து வீதம், ஓசையோடு அடித்துத் தரும். அதன் பக்கத்தே துளையிட்ட காகித நாடாவைப் படிக்கும் கருவி ஒன்றும் உண்டு. அந்த நாடாவை நிறுத்த 19ஆம் ஆணை; மீண்டும் ஓட்ட 17ஆம் ஆணை. ஆங்கில நெடுங்கணக்கில் எஸ் பத்தொன்பதாவது எழுத்து. கியூ பதினேழாவது எழுத்து. பருத்தித்துறை மாணவியின் திரையை உறைய வைத்தது அந்தக் காகித நாடாவுக்கு உரிய ஆணையேயாம்.

இங்கே மாணவர்கள் மனங்கொள்ளத்தக்க எளிய கணக்கு ஒன்று உளது. அட்டவணையில் பெரிய எழுத்துச் சி-யின் எண் 67. கட்டுப்பாட்டு விசை அதிலிருந்து 64ஐக் கழிக்கிறது, எஞ்சுவது 3. ஆதலின் கொன்ரோல்-சி என்பது மூன்றாம் ஆணை. சி மூன்றாம் எழுத்தாக இருப்பதும் இதனாலேயே ஒத்து வருகிறது. எவ்வெழுத்தாயினும் நெடுங்கணக்கில் அதன் வரிசை எண்ணே ஆணை எண்ணுமாகும். ஏழாம் எழுத்தாகிய ஜி-யோடு சேர்த்தால் பழைய பொறியில் மணி ஒலித்தது. இன்றும் பல முனையங்களில் ஒலி எழுகிறது.

இக்கணக்கை அறிந்தால் பல புதிர்கள் தாமே அவிழும். எச் எட்டாம் எழுத்து. பின்னோக்கி நகர்தலும் எட்டாம் ஆணை. ஐ ஒன்பதாம் எழுத்து. ‘ராப்’ விசையும் ஒன்பதே. எம் பதின்மூன்றாம் எழுத்து. ‘என்ரர்’ விசை அனுப்புவதும் பதின்மூன்றே. எனவே, மரபு வழிப்பட்ட முனையத்தில் ராப் விசைக்கு ஒரு செயலும் கொன்ரோல்-ஐ-க்கு வேறொரு செயலும் வகுக்க முயல்பவர் தோல்வியுறுவர். இரண்டும் ஒரே எண். எண்ணைப் பெறும் நிரலுக்கு எந்த விரல் எந்த விசையை அழுத்தியது என்பது தெரியாது. அவ்வாறே கொன்ரோலுடன் 1 என்னும் இலக்கத்தை அழுத்தினால் தனி ஆணை எதுவும் பிறவாது. அட்டவணையில் அதற்கு இடம் வகுக்கப்படவில்லை.

ஐந்து வாயில்கள்

விரலிலிருந்து நிரல் வரை ஓர் ஆணை ஐந்து வாயில்களைக் கடந்து செல்ல வேண்டும். எந்த வாயிற்காவலனும் அதனை நிறுத்தி வைக்கலாம். அன்றித் தானே எடுத்துக்கொள்ளலாம்.

முதல் வாயில் விசைப்பலகையும் அதன் எழுத்தமைப்பும். தமிழ் அமைப்பு இயங்குகிறதா, ஆங்கில அமைப்பு இயங்குகிறதா என்பது இங்கே தீர்மானமாகும்.

இரண்டாம் வாயில் முனையத்தைத் தாங்கி நிற்கும் சாளரம். இணைய உலாவிக்குள் முனையத்தைத் திறந்து பயில்வோர் இங்கே விழிப்பாயிருத்தல் வேண்டும். முனையத்தில் கொன்ரோல்-டபிள்யூ ஒரு சொல்லை அழிக்கும் ஆணை. உலாவிக்கோ அப்பக்கத்தையே மூடிவிடும் ஆணை. உலாவி முந்திக்கொள்வதால் ஒரு சொல்லுக்குப் பதில் முழுப் பக்கமும் மறையும். விண்டோஸ் முனையத்தில் எழுத்துக்களைத் தெரிவு செய்த நிலையில் கொன்ரோல்-சி அழுத்தினால் அவை பிரதி செய்யப்படும். எதனையும் தெரிவு செய்யாதபோதே அது ‘நிறுத்து’ என்னும் ஆணையாகச் செல்லும்.

மூன்றாம் வாயில் இயங்குதளத்தின் முனைய விதிகள். லினக்ஸ் முதலிய யுனிக்ஸ் வழிவந்த தளங்களில் கொன்ரோல்-சி ‘நிறுத்து’ என்றும், கொன்ரோல்-இஸட் ‘இடைநிறுத்து’ என்றும், கொன்ரோல்-டி ‘உள்ளீடு முடிந்தது’ என்றும் பொருள்படுவது இவ்வாயிலில்தான். கொன்ரோல்-எஸ் சிறைப்படுவதும் இங்கேயே.

நான்காம் வாயில் ‘ஷெல்’ எனப்படும் கட்டளை ஏற்பான். 1989ஆம் ஆண்டில் வெளிவந்து இன்று பரவலாக வழங்கும் ‘பாஷ்’ இவ்வகையினது. வரியின் தொடக்கத்துக்குச் செல்லும் கொன்ரோல்-ஏ, இறுதிக்குச் செல்லும் கொன்ரோல்-ஈ, முன்பு எழுதிய கட்டளைகளைத் தேடும் கொன்ரோல்-ஆர் ஆகியவை இதன் ஆளுகைக்கு உட்பட்டவை. ஒரே திரையைப் பலவாகப் பகுக்கும் ‘ஸ்கிறீன்’ என்னும் மென்பொருள் நடுவே அமர்ந்திருந்தால், கொன்ரோல்-ஏ-யை அதுவே பிடித்துக்கொள்ளும். ‘ரீமக்ஸ்’ எனின் கொன்ரோல்-பி-யைப் பிடித்துக்கொள்ளும்.

ஐந்தாம் வாயில் அப்போது இயங்கிக்கொண்டிருக்கும் நிரல். ‘நிறுத்து’ என்ற ஆணை வந்தபோதும், அதனைக் கேட்டு வேறொரு காரியம் செய்யவோ, கேளாதிருக்கவோ நிரலை எழுதியவர் ஏற்பாடு செய்திருக்கலாம்.

எந்த வாயிலில் தடை?

வைத்தியர் நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பதில்லை. முனையத்தின் நாடியைப் பார்க்கவும் ஒரு வழி உண்டு. பாஷ் முனையத்தில் கொன்ரோல்-வி அழுத்தி, அதன் பின் ஐயத்துக்குரிய ஆணையை அழுத்துங்கள். ‘அடுத்து வருவதைச் செய்யாதே, அப்படியே காட்டு’ என்பது கொன்ரோல்-வி-யின் பொருள். கொன்ரோல்-ஏ வந்து சேர்ந்திருந்தால், மேல்நோக்கிய அம்புத்தலை போன்ற குறியும் ஏ என்னும் எழுத்தும் திரையில் தோன்றும். தோன்றுமாயின் முதல் இரண்டு வாயில்களும் குற்றமற்றவை. ஒன்றும் தோன்றாவிடின், அல்லது சாளரம் மூடுதல் போன்ற வேறொன்று நிகழ்ந்தால், ஆணையைப் பறித்தது சாளரமோ, எழுத்தமைப்போ, நடுவே அமர்ந்த ஸ்கிறீன் போன்ற மென்பொருளோ ஆகும்.

மூன்றாம் வாயிலின் விதிகளைக் காண்பதற்கு எஸ், ரீ, ரீ, வை என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துக்களால் ஆன கட்டளை ஒன்று உண்டு. அதனை எழுதி, இடைவெளி விட்டு, சிறுகோடும் ஏ-யும் சேர்த்து அனுப்பினால், எந்த ஆணை எதற்கு என்னும் பட்டியல் முழுவதும் வரும். சிறுகோட்டின் பின் ஏ-க்குப் பதிலாக ஐ, எக்ஸ், ஓ, என் என நான்கு எழுத்துக்களை எழுதினால், கொன்ரோல்-எஸ் திரையை உறைய வைக்கும் பழைய வழக்கம் அம்முனையம் மூடப்படும் வரை நீங்கும். அதன்பின் பாஷ் தனக்குரிய முன்னோக்கித் தேடும் பணிக்கு அதனைப் பயன்படுத்திக்கொள்ளும்.

ஏதோ ஒரு நிரல் இடையிலே முறிந்து, முனையத்தின் விதிகளைக் குலைத்துவிட்டுச் செல்வதும் உண்டு. அடிக்கும் எழுத்து திரையில் தெரியாது. என்ரர் விசைக்கும் வரி இறங்காது. அஞ்ச வேண்டியதில்லை. கொன்ரோல்-ஜே அழுத்தி, மேற்கூறிய நான்கெழுத்துக் கட்டளையோடு, இடைவெளி விட்டு, எஸ், ஏ, என், ஈ என்னும் எழுத்துக்களைச் சேர்த்து அடித்து, மீண்டும் கொன்ரோல்-ஜே அழுத்துக. ‘சித்தம் தெளிந்த நிலைக்குத் திரும்பு’ என்பதே அச்சொல்லின் பொருள். திரையில் எழுத்துத் தெரியாவிடினும் முனையம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

கொன்ரோல்-சி-க்கு நிரல் அடங்கவில்லையா? கொன்ரோலுடன் பின்சாய்கோட்டை அழுத்திப் பாருங்கள்; அது வலுவான மற்றோர் ஆணை. கொன்ரோல்-இஸட் அழுத்தினால் நிரல் மறைந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் அது முடிந்துவிடவில்லை. நினைவகத்தில் உறங்கிக் கிடக்கிறது. எஃப், ஜி என்னும் இரண்டெழுத்துக் கட்டளை அதனைத் துயிலெழுப்பி முன்னே கொணரும். தம் வேலை தொலைந்தது என்று கருதி மீண்டும் முதலிலிருந்து எழுதத் தொடங்கும் மாணவர் இதனை நினைவிற் கொள்வாராக.

உறைந்த திரையின் முன் விசைகளைக் கண்டபடி தட்டுவதும் தகாது. திரை அசையாதிருப்பினும் அடித்தவை யாவும் வரிசையிற் காத்து நிற்கும். கொன்ரோல்-கியூ கொடுத்ததும் அவை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறும். கலக்கத்தில் தட்டிய விசையொன்று அழிக்கும் ஆணையாகவும் இருந்துவிடலாம்.

தமிழில் அடிப்போர்க்கு

இனி நமக்கே உரிய ஓர் இடர்ப்பாட்டைக் காண்போம். விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றி வைத்துவிட்டுக் கொன்ரோல்-சி அழுத்தும்போது சில முனையங்களில் எதுவும் நிகழாது. ‘தமிழ் கணினிக்கு ஒத்துவராது’ என்று உடனே முடிவு கட்டுவோர் நம்மிடையே உளர். காரணத்தை ஆராயாது கூறும் தீர்ப்பு இது.

1999ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு ஏற்ற ‘தமிழ் 99’ அமைப்பில், சி பொறித்த விசை ஒ என்னும் உயிரெழுத்தைத் தருகிறது. உலகப் பொதுக் குறியீடாகிய யுனிகோடு தமிழுக்கு 2944 முதல் 3071 வரையுள்ள இடங்களை ஒதுக்கியுள்ளது. அங்கே ஒ-வின் எண் 2962. முன்னர்க் கண்ட கழித்தற் கணக்கை இதன்மேல் நடத்தினால் 2898 வரும். அஃது எந்த ஆணைக்கும் உரிய எண்ணன்று. 1963இல் வகுத்த அட்டவணையில் ஆணை இடங்கள் ஆங்கில எழுத்துக்களையும் அவற்றை அடுத்த சில குறிகளையும் மட்டுமே சார்ந்திருந்தன. கிரேக்கம், ரஷ்யம், அரபு ஆகியவற்றில் அடிப்போர்க்கும் இதே இடர் உண்டு.

நல்ல முனையங்கள் பல, ‘இவ்விசையில் ஆங்கில எழுத்து எது?’ என்று தேடி, அதற்குரிய ஆணையை அனுப்பிவிடுகின்றன. ஆனால் கணினியில் தமிழ் அமைப்பு மட்டுமே நிறுவப்பட்டு, ஆங்கில அமைப்பு அறவே இல்லையெனில், தேடுவதற்கும் இடமில்லாது போகும். எனவே தமிழ் 99 பயன்படுத்துவோரும், இலங்கையிற் பழக்கமான ரெங்கநாதன் அமைப்பைப் பயன்படுத்துவோரும், ஆங்கில அமைப்பையும் உடன் வைத்திருத்தல் நன்று. ஆணை கொடுக்குமுன் ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்வது ஐயத்துக்கு இடமற்ற வழி.

அழிக்கும் விசையிலும் ஒரு நுட்பம் உண்டு. பரவலாக வழங்கும் யு.ரி.எஃப். 8 முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைற்றில் அடங்கும். தமிழ் எழுத்துக்கோ மூன்று பைற்றுகள் வேண்டும். ‘நி’ என்பது ந-வும் இகரக் குறியுமாக இரண்டு குறியீடுகள். ஆகவே ஆறு பைற்றுகள். இதனை அறியாத முனைய விதி ஒரு பைற்றை மட்டும் அழித்து எழுத்தைச் சிதைத்துவிடும். எஸ், ரீ, ரீ, வை கட்டளையோடு ஐ, யூ, ரீ, எஃப் என்னும் எழுத்துக்களையும் 8 என்னும் இலக்கத்தையும் இடைவெளியின்றிச் சேர்த்த சொல்லை அனுப்பினால், அக்குறை நீங்கும். அதன்பின் முதல் தட்டில் இகரக் குறியும் அடுத்த தட்டில் ந-வும் நீங்குவது இயல்பே, அது பிழையன்று.

அயலார் தம் எழுத்துக்கு அமைத்த பொறியை நம் எழுத்துக்கு இசைவிக்கும் பணி நம்மவர்க்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886ஆம் ஆண்டில் பிறந்த ஆர். முத்தையா அவர்கள், சிங்கப்பூரில் வாழ்ந்த காலத்தில் தமிழ்த் தட்டச்சுப் பொறியை வகுத்தார். 247 எழுத்துக்களை ஒரு சிறு பலகையில் எவ்வாறு அடக்குவது? ஆங்கிலப் பொறியில் ஒரு விசையை அடித்தவுடன் காகிதம் ஓரிடம் நகரும். புள்ளியை அடித்ததும் நகர்ந்துவிட்டால், புள்ளி ஓரிடத்தும் எழுத்து வேறிடத்துமாக நிற்கும். அவர் அந்நகர்ச்சியை ஆராய்ந்து, காகிதத்தை நகர்த்தாத ‘நகரா விசை’களை அமைத்தார். புள்ளியை முதலில் அடிக்க, காகிதம் அசையாது நிற்கும். அடுத்து எழுத்தை அடிக்க, இரண்டும் ஓரிடத்தே பொருந்தும். பொறி எவ்வாறு இயங்குகிறது என்று கண்டறிந்தமையாலேயே அதனை இயைவிக்க அவரால் முடிந்தது. அவ்வறிவே இன்றைய மாணவர்க்கும் வேண்டுவது.

இல்லத்தில் எழுதி ஒட்டுக

பெற்றோர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. கணினி மேசையருகே ஒரு சிறு தாளில் நான்கு வரிகளை எழுதி ஒட்டச் செய்யுங்கள். திரை உறைந்தால் முதலிற் கொன்ரோல்-கியூ. நிரல் அடங்காவிடின் கொன்ரோல்-சி. மறைந்த நிரலை மீட்க எஃப், ஜி. ஆணை எதுவும் செல்லாவிடின், விசைப்பலகை தமிழில் உள்ளதா ஆங்கிலத்தில் உள்ளதா என்று பார்த்தல். இந்நான்கும் பயன்படாத பின்னரே மின்சாரத்தைத் துண்டிப்பதையும், திருத்துநரை அழைப்பதையும் பற்றி எண்ணலாம்.

பிள்ளை கலங்கி நிற்கும் வேளையில் “என்னத்தைச் செய்து பழுதாக்கினாய்?” என்று கடிந்துகொள்வதினும், “கடைசியாய் எந்த விசையை அழுத்தினாய், பிள்ளை?” என்று கேட்பது சாலச் சிறந்தது. அவ்வினாவுக்கு விடை தேடத் தொடங்கும் பிள்ளை, அன்றே முதல் வாயிலைக் கடந்துவிட்டது.